ஆறு ஆண்டு வாரண்டி உங்களுக்கு நான்கு ஆண்டுதான்

கேள்வி: ஏ.எம்.டி. கியர் (கிளட்ச் மிதிக்காமல் தானே மாறும் கியர்) உள்ள மாருதி கார் ஒன்றை முன்பதிவு செய்திருக்கிறேன். வேலைக்காகத் திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குத் தினமும் நானே ஓட்டிச் சென்று திரும்பப் போகிறேன். 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கிலோமீட்டர் வாரண்டி காரோடு வருகிறது. அதை 6 ஆண்டு, 1.6 லட்சம் கிலோமீட்டர் வரை நீட்டிக்க 24,000 ரூபாய் கேட்கிறார்கள். டெலிவரி எடுக்கும் அன்றே கட்டினால்தான் இந்த விலையாம். கடன் 7 ஆண்டு. கட்டலாமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: கட்டுங்கள், சகோதரி. ஆனால் எதற்குக் கட்டுகிறோம் என்று தெரிந்து கட்டுங்கள்.

போக வர 130 கிலோமீட்டர், மாதம் 25 நாள். ஆண்டுக்கு 39,000 கிலோமீட்டர் வருகிறது. வாரண்டித் தாளில் ஆண்டு, கிலோமீட்டர் இரண்டில் எது முதலில் முடிகிறதோ அதுதான் கணக்கு. ஆகவே உங்கள் 3 ஆண்டு வாரண்டி இரண்டரை ஆண்டு தாண்டியதுமே முடிந்துவிடும். 6 ஆண்டு என்று விற்பதும் நான்கு ஆண்டு ஒரு மாதத்தில் முடியும். நீங்கள் வாங்குவது மூன்று ஆண்டு அல்ல, 60,000 கிலோமீட்டர். உங்கள் ஓட்டத்துக்கு அது ஒன்றரை ஆண்டு. அதன் பிறகும் மூன்று ஆண்டு தவணை பாக்கி இருக்கும். அந்தக் காலத்துப் பழுதுகளுக்கு இப்போதிருந்தே தனியாகக் கொஞ்சம் சேர்த்து வையுங்கள்.

பிறகு ஏன் கட்டச் சொல்கிறேன்? அந்த 60,000 கிலோமீட்டர்தான் செலவு தலைகாட்டும் இடம். ஏ.எம்.டி. வண்டியில் கிளட்சை அழுத்துவதும் கியர் மாற்றுவதும் ஆக்சுவேட்டர் என்ற அமைப்பு. அது போனால் நீங்கள் கட்டும் 24,000 போதாது. ஏ.சி. கம்ப்ரசர், பவர் ஸ்டியரிங் மோட்டார், இ.சி.எம். என்ற எஞ்சின் கணினி ஆகியவையும் பெரிய செலவு வைப்பவை. கிளட்ச் பிளேட், பிரேக் பேட், டயர், வைப்பர், ரப்பர் புஷ் ஆகியவை தேய்மானப் பொருள்கள். அவை உங்கள் செலவு. மேட்டில் ஆக்சிலேட்டரை மிதித்தபடி வண்டியை நிறுத்தி வைக்காதீர்கள்; ஏ.எம்.டி. கிளட்ச் அதில்தான் தீய்ந்துபோகும். மழைநீர் புகுந்து எஞ்சின் பழுதானாலும் வாரண்டி வராது. அதற்கு இன்சூரன்ஸில் எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்க்க வேண்டும்.

முப்பத்தொரு ஆண்டு சர்வீஸ் கவுண்டரில் நின்றவன் நான். ஒரு முகம் இன்னும் மறக்கவில்லை. நான்காம் ஆண்டில் ஸ்டியரிங் கல்லாக இறுகி, வண்டியை இழுத்து வந்தார்கள். நீட்டித்த வாரண்டி இருந்தது. ஒரு சர்வீஸ் ரசீதுகூடத் தவறாமல், தேதி வரிசையாக பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார். டேஷ்போர்டின் அடிப்பலகையைக் கழற்றினோம். ஸ்டியரிங் யூனிட்டுக்குப் போகும் ஒயரின் தோலைச் சீவி, இன்னொரு ஒயரை முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருந்தது. வெளிக்கடையில் பாட்டுப்பெட்டி மாட்டியபோது செய்த வேலை. டேப்பின் ஓரம் வெயிலில் உருகிப் பிசுபிசுத்தது. கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. அந்த உறையை அவர் கையில் திரும்பக் கொடுத்தபோது என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஹார்ன், கேமரா, விளக்கு என்று எதற்காகவும் ஒயரை வெட்ட விடாதீர்கள்.

அன்றே கட்ட வேண்டும் என்ற அவசரத்துக்குப் பணியாதீர்கள். டெலிவரிக்குப் பிறகும், அடிப்படை வாரண்டி முடியும் முன்பு வரை வாங்கலாம். தள்ளிப்போனால் விலை ஏறும். எந்தத் தேதி, எத்தனை கிலோமீட்டர் வரை வாங்கலாம், அப்போது என்ன விலை என்று எழுதிக் கேளுங்கள். சான்றிதழைத் தருவது கார் நிறுவனமா, ஷோரூமே நடத்தும் திட்டமா என்று பாருங்கள். நிறுவனத்துடையதை மட்டும் வாங்குங்கள். ஊர் தாண்டி வண்டி நின்றாலும் அங்குள்ள அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் செல்லும். இந்த 24,000-ஐக் கடனில் சேர்க்கவே கூடாது. ஏழு ஆண்டு வட்டி கட்டி ஒன்றரை ஆண்டு வாரண்டி வாங்கியதாகிவிடும்.

கேள்வி: ஓய்வு பெற்றவன். மேனுவல் கியர் பெட்ரோல் கார். ஆண்டுக்கு 4,000 கிலோமீட்டர் ஓட்டினால் அதிகம். எனக்கும் வேண்டுமா?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: இப்போது வேண்டாம், ஐயா. மூன்று ஆண்டில் 12,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கும். நிற்கும் வண்டியில் முதலில் போவது பேட்டரி. பிறகு எலி கடித்த ஒயர். இரண்டுக்கும் இந்த வாரண்டி உதவாது. வாங்குவதற்கான கடைசித் தேதியைக் கேட்டு நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு மாதம் முன்பு வண்டியை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோய், சின்னச் சத்தமாக இருந்தாலும் ஜாப் கார்டில் (புகாரையும் வேலையையும் குறிக்கும் தாள்) எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். வாயால் சொன்ன புகார் வாரண்டி முடிந்த மறுநாள் செல்லாது. ஸ்டியரிங், ஏ.சி., கியர் எதிலாவது கோளாறு தெரிந்தால் அன்றைக்கு வாங்கிக்கொள்ளலாம். வந்துவிட்ட பழுதை மட்டும் பழைய வாரண்டியிலேயே சரிசெய்து தரச் சொல்லுங்கள்.