தெரிவது வேறு, இருப்பது வேறு

கேள்வி: புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில் இரண்டு ஃப்ளாட் பார்த்து வைத்திருக்கிறோம். பரப்பளவு கிட்டத்தட்ட ஒன்றுதான். முதல் ஃப்ளாட், நுழைந்ததுமே விசாலமாகத் தெரிகிறது. பளிச்சென்ற தரை, ஹாலோடு சேர்ந்த சமையலறை, நடுவில் கல் மேடை. இரண்டாவதில் டைல்ஸ், கைப்பிடி எல்லாம் சுமார். ஆனால் 'அறைகள் ஒழுங்காக இருக்கின்றன' என்கிறார் என் கணவர். எதை வாங்கலாம்?

பதில்: 'தெரிகிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லைத்தான் முதலில் பிடித்துக்கொள்கிறேன். நமக்குக் கண்ணில் படுவதும் தெரிவதுதான், புத்தியில் படுவதும் தெரிவதுதான். நிலா தெரிகிறது, நீந்தத் தெரிகிறது. இரண்டுக்கும் ஒரே வினை. வீடு பார்க்கப் போகும்போது இந்த ஒற்றுமை ஆபத்தானது. விசாலமாகத் தெரிந்த வீட்டை, விசாலமானது என்று தெரிந்துகொண்டதாக நம்பிக்கொண்டு படியிறங்கிவிடுகிறோம். உங்கள் கணவர் 'தெரிகிறது' என்று சொல்லவில்லை, 'இருக்கின்றன' என்கிறார். நான் அவர் பக்கம்.

ஓர் அறையை விசாலமாகத் தெரியவைப்பது எளிது. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. இணைப்புக் கோடுகள் குறைவாகத் தெரியும்படி பெரிய டைல்ஸ். கைவைப்பில்லாத சோபா, வழக்கத்தைவிடக் குட்டையான கட்டில். துணி அலமாரி வைக்கவே மாட்டார்கள். சில மாதிரி வீடுகளில் உள்கதவுகளையே கழற்றி வைத்திருப்பார்கள். இந்தக் கதவு விஷயத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம். 3 அடிக் கதவு ஒன்று திறந்து மூட, கால்வட்டமாக 7 சதுர அடி தரை வேண்டும். இரண்டரை அடி குளியலறைக் கதவுக்கு 5 சதுர அடி. இரண்டும் ஒரே படுக்கையறைக்குள் திறந்தால் 12 சதுர அடியில் எதையும் வைக்க முடியாது. பல வரைபடங்களில் அலமாரியை வரைந்திருப்பது சரியாக அந்த மூலையில்தான்.

பரப்பளவு ஒன்றுதான் என்கிறீர்கள். பரப்பளவை விட அறையின் வடிவம் முக்கியம். பத்தரைக்குப் பத்தரை அடி சதுர அறை 110 சதுர அடி. 9-க்கு 12 அறை 108 சதுர அடி. பெரியது முதல் அறை, புழங்க வசதியானது இரண்டாவது. கட்டில் 5 அடி அகலம், 6 அடி 8 அங்குல நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபுறமும் நடக்க இரண்டிரண்டு அடி விட்டால் 9 அடி அகலம் கச்சிதமாகப் போதும். 12 அடி நீளத்தில் கட்டில் போக, கால்மாட்டில் 2 அடி ஆழ அலமாரி வைத்தாலும் நடுவே 3 அடி 4 அங்குலம் மிஞ்சும். அங்கே அறைக்கதவுகூடத் தாராளமாகத் திறக்கும். சதுர அறையில் அதே அலமாரியைக் கால்மாட்டில் வைத்தால் இடைவெளி 1 அடி 10 அங்குலம்தான். அலமாரிக் கதவைத் திறந்தால் ஆள் நிற்க இடமில்லை. கடைசியில் கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போடுவார்கள்; சுவர்ப்பக்கம் படுப்பவர் ராத்திரியில் எழுந்தால் மற்றவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டும்.

ஹாலில் நான் முதலில் தேடுவது வெறும் சுவரை. கதவும் ஜன்னலும் இல்லாத 8 அடிச் சுவர் இரண்டு, எதிரெதிரே இருக்கின்றனவா? ஒன்றில் 7 அடி சோபா, மற்றதில் டிவி. ஐந்து வாசல்கள் திறக்கும் ஹால் எவ்வளவு பெரிதானாலும் அது நடைபாதைதான்.

திறந்த சமையலறையோடு இந்தப் பக்கத்தில் எனக்கு நீண்ட நாள் சண்டை. அதை விடப்போவதில்லை. தாளிக்கும் புகையும் நெய்ப்பசையும் சோபாத் துணியில் போய் உட்காரும். சிம்னி இருக்கிறதே என்பார்கள். அதன் குழாய் வெளிச்சுவர் வரை போகிறதா என்று பாருங்கள். கரி வடிகட்டியில் காற்றைச் சுற்றி மறுபடி அறைக்குள்ளேயே விடும் வகையானால் வாசனை ஓரளவு குறையும், நீராவி அப்படியே இருக்கும். குழாய் வெளியே போனாலும் ஒவ்வொரு வளைவும் இழுவையைக் குறைக்கும். சுவர் இல்லாததால் மேல் அலமாரிகளும் போச்சு. கல் மேடைக்கும் அடுப்பு மேடைக்கும் நடுவே 42 அங்குலமாவது இல்லையென்றால், ஒருவர் ஓவன் கதவைத் திறக்கும்போது இன்னொருவர் கடக்க முடியாது. 1926-இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் பிராங்ஃபர்ட் குடியிருப்புகளுக்குச் சமையலறை வடிவமைத்தபோது, ரயில் உணவுப் பெட்டியின் சமையல் இடத்தை முன்மாதிரியாகக் கொண்டார். சமைப்பவர் எத்தனை அடி எடுத்துவைக்கிறார் என்ற கணக்கிலிருந்து ஆரம்பித்தார். சுமார் 1.9-க்கு 3.4 மீட்டர்தான். ஹாலுக்கும் அதற்கும் நடுவே தள்ளுகதவு வைத்தார். அந்தக் கதவை நூறு வருடம் கழித்து எடுத்துவிட்டு அதை நவீனம் என்கிறோம்.

இரண்டாவது ஃப்ளாட்டின் டைல்ஸ், கைப்பிடி, பெயின்ட், விளக்கு எல்லாவற்றையும் பிறகு மாற்றலாம். கழிப்பறையை இடம் மாற்ற முடியாது. கழிவுக் குழாய் அடிக்குக் கால் அங்குலம் சரிந்து, எல்லா மாடிக் குழாய்களும் இறங்கும் ஷாஃப்ட்டுக்குப் போயாக வேண்டும், ஷாஃப்ட் நகராது. அலுமினிய அச்சு வைத்து ஒரே வார்ப்பாகக் கான்கிரீட் ஊற்றிய கட்டடமானால் உள்சுவரையும் தொட முடியாது. ஜன்னலின் மேல்விளிம்பு 7 அடி உயரத்தில் இருந்தால் நல்ல வெளிச்சம் 14 முதல் 17 அடி வரைதான் உள்ளே வரும். அதற்கு அப்பால் பகலிலும் விளக்குதான்.

'ஒழுங்காக' என்பதையும் அளந்து பார்த்துவிடுங்கள். 4 அடிக்கு 15 அடி நடைவழி இருந்தால் 60 சதுர அடி அதற்கே போகிறது. அது படுக்கையறைகளை ஹாலின் சத்தத்திலிருந்து பிரிக்கிறதென்றால் நான் அதை வீண் என்று சொல்லமாட்டேன். தலைமாட்டுச் சுவருக்குப் பின்னால் லிஃப்ட் ஓடுகிறதா என்று கேளுங்கள். ஃபிரிட்ஜ் கீல் உள்ள பக்கம் சுவரோடு ஒட்டி நின்றால் கதவு 90 பாகைக்கு மேல் திறக்காது, காய்கறித் தட்டு வெளியே வராது.

டேப்போடு பழைய செய்தித்தாளும் எடுத்துப் போங்கள். கட்டில், சோபா, அலமாரி அளவுக்கு ஒட்டி, இரண்டு வீட்டுத் தரையிலும் விரித்து நடந்து பாருங்கள். முதல் ஃப்ளாட்டில் கதவுகள் கழற்றப்பட்டிருந்தால், மாட்டித் திறந்து காட்டச் சொல்லிவிட்டு அதன் பிறகு விரியுங்கள்.