கணப்பு அடுப்புக்கு மேலே வெறுஞ்சுவர்: எதை மாட்டலாம்?

கேள்வி: எங்கள் வரவேற்பறையில் விறகு எரிக்கும் கணப்பு அடுப்பு இருக்கிறது. குளிர்காலத்தில் தினமும் மாலையில் மூட்டுவோம். அடுப்புக்கு மேலுள்ள பலகை தரையிலிருந்து 125 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, நீளம் 150 செ.மீ. அதற்கு மேல் கூரைவரை 145 செ.மீ.க்கு வெறும் வெள்ளைச் சுவர். மாமியார் வரைந்த ஆற்றங்கரை எண்ணெய் ஓவியம் (50 × 35 செ.மீ.) ஒன்று உண்டு. அதை அங்கே மாட்ட எனக்கு ஆசை. கணவர் டிவி வைக்கலாம் என்கிறார். வருகிறவர்களோ பெரிய முகக்கண்ணாடி மாட்டச் சொல்கிறார்கள். எதிர்ச்சுவரில் கூரையை நெருங்கும் அளவுக்குப் புத்தக அலமாரி இருக்கிறது. அதன் தலையில் அட்டைப்பெட்டிகள். எதை மாட்டுவது?

பதில்: மூன்றுமே வேண்டாம் என்பேன். ஆனால் மாமியாரின் ஆற்றங்கரை அந்தச் சுவருக்கு வர ஒரு வழி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

மற்ற சுவர்களைப் போல இதை நினைக்காதீர்கள். இது புகைபோக்கியின் வெளிப்பக்கம். முன்னால் பலகையைச் சுற்றிக்கொண்டு சூடான காற்று ஏறுகிறது, பின்னால் செங்கல்லும் சூடாகிறது. அதனால் எது அழகாக இருக்கும் என்று யோசிப்பதற்கு முன், அங்கே எது பிழைக்கும் என்று பாருங்கள்.

முதலில் சுவரை உற்றுப் பாருங்கள். பலகைக்கு மேலே சாம்பல் நிறத்தில் மங்கலான கறை படிந்திருக்கிறதா? வெள்ளைச் சுவர் என்பதால் சட்டென்று தெரிந்துவிடும். கறை இருந்தால் புகை முழுவதும் மேலே போகாமல் கொஞ்சம் அறைக்குள் திரும்புகிறது என்று பொருள். புகைபோக்கியைச் சுத்தம் செய்து நாளாகியிருக்கலாம், காற்று இழுப்பு போதாமல் இருக்கலாம், விறகு ஈரமாக இருக்கலாம். இதைச் சரிசெய்யாமல் அலங்காரத்தில் இறங்காதீர்கள். கரியை மறைக்கப் படம் மாட்டினால் படத்தின் மேலும் கரி படியும். அதைவிட, அறைக்குள் திரும்பும் புகை உடம்புக்கும் ஆபத்து. படிந்த கரியை ஈரத்துணியால் துடைக்காதீர்கள், இழுத்துக்கொண்டு பரவும். கரி எடுப்பதற்கென்றே உலர்ந்த ரப்பர் ஸ்பாஞ்ச் கிடைக்கிறது. அதால் ஒற்றி எடுத்த பிறகு கறை தடுக்கும் பிரைமர் பூசி, அதன்மேல் வண்ணம் அடியுங்கள்.

அடுத்தது வெப்பம். ஒரு சாதாரண அறை வெப்பமானியை, படத்தின் நடுப்பகுதி வரப்போகும் இடத்தில் டேப் போட்டு ஒட்டுங்கள். வழக்கமாக மூட்டும் அளவுக்கே நெருப்பு மூட்டி இரண்டு மணி நேரம் எரியவிட்டுப் படியுங்கள். பலகையை ஒட்டி இன்னொரு முறை அளந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் கீழ்விளிம்புதான் அதிகம் சுடும். 30 டிகிரிக்குள் இருந்தால் பெரும்பாலான பொருள்களுக்குக் கவலையில்லை. 40-ஐ ஒட்டினால் சட்டமிட்ட அச்சுப்படம், பீங்கான், உலோகம் போன்றவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 50-ஐ நெருங்கினால் சுவரை விட்டுவிட்டுப் பலகையைக் கவனியுங்கள். 15 முதல் 20 செ.மீ. வரை முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் பலகை, ஏறிவரும் சூட்டைச் சுவரிலிருந்து விலக்கி அறைப்பக்கம் தள்ளும். குட்டைப் பலகையை அகலமாக்கினாலே பல வீடுகளில் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். மரப்பலகை என்றால் அடுப்பு வாய்க்கு எவ்வளவு நெருங்கலாம் என்பதை உங்கள் அடுப்பின் கையேட்டில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

இப்போது ஓவியம். எண்ணெய் ஓவியத்துக்குச் சூடு ஒரு எதிரி, வறட்சி அதைவிடப் பெரிய எதிரி. 20 டிகிரியில் 50 சதவீத ஈரப்பதத்தோடு இருக்கும் காற்று, ஈரம் சேராமல் 35 டிகிரிக்குச் சூடானால் அதன் ஈரப்பதம் 20 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிடும். ஒவ்வொரு மாலையும் துணியும் பின்சட்டத்தின் மரமும் உலர்ந்து இறுகும். நெருப்பு அணைந்ததும் மெல்லத் தளரும். இந்த இழுபறிக்கெல்லாம் வளைந்துகொடுக்கும் தன்மை பழைய வண்ணப்பூச்சுக்குக் கிடையாது. முதலில் முடிபோன்ற வெடிப்புகள் வரும், பிறகு செதில் செதிலாக உதிரும். சூட்டில் வார்னிஷ் இளகினால் கரியைப் பசைபோல் பிடித்துக்கொள்ளும். அந்தக் கரியை எடுக்க உருளைக்கிழங்கைத் தேய்க்கச் சொல்லும் யோசனை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். மாவும் ஈரமும் வெடிப்புக்குள் புகுந்தால், மறுசீரமைப்பு தெரிந்தவருக்கே பெரும்பாடு.

வெப்பம் குறைவாகவே இருந்தாலும் அந்த ஓவியம் அங்கே எடுபடாது. 150 செ.மீ. பலகைக்கு மேல் 50 செ.மீ. படம் என்பது பெரிய சட்டைக்குத் தைத்த ஒற்றைப் பொத்தான் மாதிரி. இந்த இடத்தில் நான் பார்க்கும் தவறுகளில் பெரும்பாலானவை நிறத்தில் இல்லை, அளவில்தான். கீழே நெருப்பு அசைந்துகொண்டே இருக்கிறது. கண் எப்போதும் அங்கேதான் போகும். மேலே சின்னதாக ஒன்று இருந்தால் அது இருப்பதே தெரியாது. பலகை நீளத்தில் மூன்றில் இரண்டு முதல் நான்கில் மூன்று பங்கு வரை அகலம் வேண்டும், உங்களுக்கு 100 முதல் 112 செ.மீ. பல படங்களைச் சேர்த்து மாட்டுவதானாலும் மொத்தக் கூட்டமும் இந்த அகலத்துக்குள் அடங்கட்டும், இடைவெளி 5 முதல் 7 செ.மீ. இருக்கட்டும். ஆனால் நெருப்புக்கு மேல் கூட்டம் சேர்ப்பது எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது.

உயரத்துக்கு வேறு கணக்கு. படத்தின் நடு தரையிலிருந்து சுமார் 145 செ.மீ.யில் இருக்க வேண்டும் என்று காட்சிக்கூடங்களில் பின்பற்றும் வழக்கம் ஒன்று உண்டு. உங்கள் பலகையே 125-இல் இருப்பதால் அது இங்கே செல்லாது. பலகையிலிருந்து 10 முதல் 15 செ.மீ. விட்டுப் படத்தின் அடிவிளிம்பு வந்தால் போதும். அதற்கு மேல் தூக்கினால் படமும் அடுப்பும் உறவில்லாமல் நிற்கும். கூரைக்கும் பலகைக்கும் சரிநடுவில் மாட்டப் பலர் கை போகும், கூடாது. மேலே மிஞ்சும் வெறுமை அப்படியே இருக்கட்டும்.

முகக்கண்ணாடியைப் பற்றி. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருகிய கண்ணாடியை மேசையில் ஊற்றிப் பெரிய தகடுகளாக வார்க்கும் முறை பிரான்சில் வந்த பிறகுதான் கணப்புக்கு மேல் பெரிய கண்ணாடி வைக்கும் பாணி அங்கே பரவியது. மெழுகுவர்த்தி காலத்து அறைக்கு அது இரண்டாம் விளக்கு. உங்கள் அறைக்கு அந்தத் தேவை இல்லை. சரி, அதில் என்ன தெரியும்? நாற்காலியில் உட்கார்ந்தால் உங்கள் கண் சுமார் 112 செ.மீ. உயரத்தில் இருக்கும். கண்ணாடி 137-இல் தொடங்குகிறது. நீங்கள் 3 மீட்டர் தள்ளி இருக்கிறீர்கள், எதிர்ச்சுவர் 5 மீட்டரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியின் அடிவிளிம்பில் உங்களுக்குத் தெரிவது எதிர்ச்சுவரில் 178 செ.மீ. உயரத்தில் உள்ள இடம். அதற்கு மேலே பார்க்கப் பார்க்க அலமாரியின் தலையும் கூரையும்தான். ஆக, அந்த அட்டைப்பெட்டிகளைச் சட்டம் போட்டு மாட்டியதாக ஆகும். சந்தேகமிருந்தால் கைக்கண்ணாடி ஒன்றைச் சுவரில் ஒட்டிவிட்டு உட்கார்ந்து பாருங்கள். எதிரே உயரமான ஜன்னலோ தொங்குவிளக்கோ இருந்திருந்தால் நானே கண்ணாடியைத்தான் சொல்லியிருப்பேன்.

டிவி விஷயத்தில் கணவரிடம் இரண்டு சொல்லுங்கள். பெரும்பாலான டிவிகளின் கையேட்டில் 40 டிகிரிதான் இயங்கும் வெப்ப எல்லை என்று போட்டிருப்பார்கள். அடுத்தது கழுத்து: அந்த உயரத்தில் திரையின் நடுப்பகுதி கண்ணைவிட 60 செ.மீ.க்கு மேல் தள்ளி நிற்கும், முழுப் படத்தையும் அண்ணாந்தே பார்க்க வேண்டியிருக்கும். பக்கச் சுவரில், கண் மட்டத்தில் வைத்தால் அவருக்கும் நல்லது.

இனி அந்த வழி. மாமியாரின் ஓவியத்தை, கலைப்படைப்புகளைப் படமெடுத்துப் பழகிய ஒருவரிடம் கொடுத்து உயர்தரத்தில் படமெடுக்கச் சொல்லுங்கள். 50 × 35-ஐ அப்படியே பெரிதாக்கினால் 100 × 70 வரும். சட்டத்தோடு சேர்த்து 110-ஐத் தொடும், நமக்கு வேண்டிய அளவு. பெரிதாகும்போது தூரிகைத் தடங்கள் கண்ணுக்குத் தெரிவது தனி அழகு. முன்னால் கண்ணாடி போடுங்கள், அக்ரிலிக் வேண்டாம். ஒருபக்கச் சூட்டில் அது வளையும், தூசியையும் இழுக்கும். பளபளக்காத வகைக் கண்ணாடி கிடைத்தால் அதையே வாங்குங்கள். அசல் ஓவியம் அடுப்புக்கும் வெயிலுக்கும் தள்ளி, உள்சுவர் ஒன்றில் கண் மட்டத்துக்கு வரட்டும். அங்கே 50 செ.மீ. சிறிது அல்ல.

அச்சுக்குக் கொடுக்கும் முன் 110 செ.மீ. அகலத்துக்குச் செய்தித்தாள்களை ஒட்டி, மாஸ்கிங் டேப்பால் சுவரில் நான்கு நாள் வைத்துப் பாருங்கள். முதல் நாள் மிகப் பெரிதாகத் தோன்றும். நான்காம் நாளும் அப்படியே தோன்றினால் குறையுங்கள். நெருப்பு மூட்டும்போது மட்டும் கழற்றிவிடுங்கள்.

மாட்டும்போது சுவரைத் தட்டிப் பாருங்கள். கெட்டியாக ஒலித்தால் செங்கல். பொள்ளலாக ஒலித்தால் ஜிப்சம் போர்டு, அதன் பின்னுள்ள சட்டத்தைத் தேடித்தான் திருகு போட வேண்டும். செங்கல்லில் பூச்சைத் தாண்டித் திருகு உள்ளே பிடிக்க வேண்டும், ஆனால் துளை 5 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. பின்னால் அரைச்செங்கல் கனம், சுமார் 10 செ.மீ. தாண்டினாலே புகைக்குழல் இருக்கலாம். மின்கம்பி ஓடுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒட்டிக்கொள்ளும் பட்டைகள் இந்தச் சுவரில் வேண்டாம். சூட்டில் பசை இளகி ஒருநாள் நள்ளிரவில் எல்லாம் கீழே வரும். ஒற்றைக் கம்பியில் தொங்கவிடாமல் இரண்டு கொக்கிகளில் மாட்டினால் படம் சாயாது. சட்டத்தின் பின்மூலைகளில் கார்க் துண்டு ஒட்டிச் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போக வழிவிடுங்கள். மாட்டிய பிறகு மூட்டும் முதல் நெருப்பின்போது அரைமணிக்கு ஒருதரம் அந்த இடைவெளியில் விரலை வைத்துப் பாருங்கள். விரலை அங்கேயே வைத்திருக்க முடியாமல் போனால் படத்தைக் கழற்றிவிட்டுப் பலகையை அகலமாக்கும் வேலையிலிருந்து தொடங்குங்கள்.