வாசகர் கேள்வி–பதில்: இனிப்பு நீரும் ஆறாத கால் புண்ணும்

கேள்வி (வாசகி, பட்டர்வொர்த்): அப்பாவுக்குப் பல வருடமாக இனிப்பு நீர் (நீரிழிவு). தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்கு வெறுங்காலில் நடந்து, உள்ளங்காலில் கொப்புளம் உடைந்தது. மூன்று வாரமாகியும் ஆறவில்லை. வலியும் இல்லை என்கிறார். செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா பலவீனமாம், கோ-கியூ 10 என்ற ஆன்டி-ஆக்சிடன்ட் மாத்திரை எடுக்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: மாத்திரை இருக்கட்டும். நாளைக்கே அரசாங்க கிளினிக்கில் காலைக் காட்டுங்கள். வலி இல்லாததுதான் பயம். நரம்பு மரத்துப்போனதால் ஒவ்வோர் அடியிலும் புண் நசுங்குவது அவருக்குத் தெரியாது. புண்மேல் உடல் பாரம் விழுவதை நிறுத்தாமல் எந்த மருந்தும் வேலை செய்யாது. புண் கறுத்தாலோ, நாற்றமடித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

மைட்டோகாண்ட்ரியா பேச்சு பொய்யில்லை. தோல் கிழிந்ததும் ஓரத்துச் செல்களுக்குள் கால்சியம் பாய்கிறது. மைட்டோகாண்ட்ரியா அதை உள்வாங்கி, வீரியமான ஆக்சிஜன் மூலக்கூறுகளைக் கொஞ்சமாக வெளிவிடும். அந்தச் சமிக்ஞையால் செல்லுக்குள் உள்ள ஆக்டின் என்ற புரத இழைகள் வளையமாகத் திரண்டு காயத்தின் வாயை இறுக்கும். ஒரு மில்லிமீட்டர் உருளைப்புழுவில் இது 2014-ல் நிரூபிக்கப்பட்டது. அந்த மூலக்கூறுகளை ஆன்டி-ஆக்சிடன்ட் கொண்டு அகற்றியபோது காயம் மூடத் தாமதமானது. புழு வேறு, மனிதர் வேறுதான். ஆனாலும் ‘ஆன்டி-ஆக்சிடன்ட் எவ்வளவு போனாலும் நல்லது’ என்ற விளம்பரத்தைச் சந்தேகிக்க இது போதும்.

இனிப்பு நீரில் கதை தலைகீழ். ரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் மைட்டோகாண்ட்ரியாவில் எலக்ட்ரான் கசிந்து, சூப்பர் ஆக்சைடு என்ற வீரியமான ஆக்சிஜன் மூலக்கூறு அளவு மீறுகிறது. நுண்ணிய ரத்தக் குழாய்கள் கெடுகின்றன. கிருமியையும் செத்த செல்களையும் விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் அழற்சியை முடித்துப் பழுதுபார்க்கும் வேலைக்கு மாறாமல் தேங்குகின்றன. ஆகவே சர்க்கரையை இறக்குவதே மைட்டோகாண்ட்ரியாவுக்கான வைத்தியம். கோ-கியூ 10 இத்தகைய புண்ணை ஆற்றும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மருந்து எடுப்பவருக்கு அந்த மருந்தின் வீரியத்தை இது குறைக்கவும் கூடும். அந்தக் காசுக்கு முட்டை, மீன், கொய்யா வாங்கலாம்: புதுத் தோலுக்கு வலு தரும் கொலாஜன் உருவாகப் புரதமும் வைட்டமின் சியும் வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் புரத அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (வாசகர், செந்தூல்): ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் நுரைக்கிறதே, கிருமி சாகிறது என்றுதானே அர்த்தம்?

பதில்: இல்லை. ரத்தத்திலும் திசுவிலும் உள்ள கேட்டலேஸ் என்ற நொதி பெராக்சைடை நீராகவும் ஆக்சிஜனாகவும் உடைப்பதால் வரும் நுரை அது. சுத்தமான காயத்திலும் நுரைக்கும். செல் சமிக்ஞைக்கு வெளிவிடுவதும் இதே பொருள்தான், ஆனால் 3 சதவீத பாட்டிலில் இருப்பது அதைவிடப் பல ஆயிரம் மடங்கு. காயத்தை நிரப்பப் புதிதாக முளைக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற திசு செல்களையும் அது கொல்லும். ஃபார்மசியில் 0.9 சதவீத உப்புநீர் கிடைக்கும். அதனால் கழுவி, ஒட்டாத கட்டுத்துணி போடுங்கள். மஞ்சள்தூள் பூச வேண்டாம்.