பிளேட் வைத்த காலில் சீழ்: கேட்டதும் சொன்னதும்

வேலூரில் எலும்பு வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பார்த்துப் பழகியதைச் சொல்கிறேன். முடிவு உங்கள் டாக்டருடையது.

குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி: அக்கா, அப்பாவுக்கு முழங்காலுக்குக் கீழே முறிந்து பிளேட் வைத்தார்கள். நாலு மாதமாகச் சீழ். இப்போது பிளேட்டோடு 5 செ.மீ. எலும்பையும் எடுக்கணுமாம். இருப்பதையும் ஏன் வெட்ட வேண்டும்?

அது செத்த எலும்பு, தம்பி. ரத்தம் ஓடாத இடத்துக்கு மருந்து போய்ச் சேராது. கிருமி பிளேட்டிலும் செத்த எலும்பிலும் பாசி மாதிரி ஒட்டிக்கொள்ளும். வெட்டும்போது, எலும்பிலிருந்து ரத்தம் பொட்டுப் பொட்டாகக் கசிகிற இடம் வரை போவார்கள். எடுத்த துண்டைக் கட்டாயம் கல்ச்சருக்கு, அதாவது என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்பச் சொல்லுங்கள். புண்ணின் மேல் பஞ்சால் தொட்டு எடுத்த சீழை நம்பி மருந்து மாற்றுவது எனக்கு எப்போதுமே பிடிக்காது.

அதே தம்பி: அந்த இடைவெளி எப்படி நிரம்பும்?

ஒரு வழி, சைபீரியாவின் குர்கனில் இலிசாரோவ் என்ற டாக்டர் உருவாக்கிய வளையம். காலைச் சுற்றி வெளியே மாட்டி, தோல் வழியே போகும் கம்பிகளால் எலும்போடு பிடித்திருப்பார்கள். நல்ல எலும்பை வேறோர் இடத்தில் வெட்டி, ஒரு வாரம் போல விட்டு, அந்தத் துண்டை நாளுக்கு 1 மி.மீ. நகர்த்துவார்கள். நகர்ந்த இடத்தில் புது எலும்பு ஊறி வரும். வளையத்திலுள்ள நட்டைக் கால்வாசிச் சுற்றாக நாலு வேளை திருப்புவது வீட்டு வேலைதான். எந்தப் பக்கம் என்று குழம்பாமலிருக்க, நட்டின் ஒரு முகத்தில் நெயில் பாலிஷ் வைத்துவிடுங்கள். 5 செ.மீ. நகர 50 நாள். கெட்டிப்பட இன்னும் பல மாதம். வளையம் அதுவரை காலில்தான். அவசரப்பட்டுக் கழற்றினால் புது எலும்பு வளையும்.

இன்னொரு வழி: ஆன்டிபயாடிக் கலந்த சிமென்ட்டை இடைவெளியில் வைத்து, 6 முதல் 8 வாரத்தில் சுற்றிலும் சவ்வு வந்ததும் சிமென்ட்டை எடுத்து, இடுப்பெலும்புத் துருவலை நிரப்புவது. எது என்பது இடைவெளியையும் தோலையும் பொறுத்தது.

ராணிப்பேட்டை அம்மா ஒருவர்: கம்பித் துளையில் நீர் கசிகிறதே?

தெளிந்த நீர் கொஞ்சம் வரும், பயமில்லை. சிவந்து, வலித்து, சீழ் வந்தால் அன்றைக்கே போங்கள். மஞ்சள் வைக்காதீர்கள்.

ஆற்காட்டு அண்ணன்: புத்தூர் கட்டு போட்டுப் பார்க்கலாமா? பீடி பிடிக்கலாமா?

அண்ணா, சீழ் பிடித்த எலும்பைக் கட்டி மூடினால் சீழ் உள்ளேயேதான் இருக்கும். பீடி எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும், இன்றைக்கே விடுங்கள். சுகர் இருந்தால் அதையும் பாருங்கள். வளையம் மாட்டிய காலில் பாதம் கீழே தொங்கி அப்படியே இறுகிவிடும். விரலடியில் துண்டைக் கோர்த்து தினமும் மேலே இழுத்துப் பிடியுங்கள். வலித்தாலும்.