ஊசி இறங்குமுன்னே உறுமல்

கேள்வி: அப்பா பாவித்த பழைய டேர்ன்டேபிளைத் தூசு தட்டி மீண்டும் ஓடவிட்டிருக்கிறேன். இசைத்தட்டில் ஊசியை வைப்பதற்கு முன்பே இடப்பக்க ஸ்பீக்கர் உறுமுகிறது. அந்தப் பக்கத்தில் பாட்டும் சற்று மெலிந்து கேட்கிறது. கார்ட்ரிட்ஜ் (ஊசியின் அசைவை மின்சமிக்ஞையாக மாற்றும் பகுதி) போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்கிறார் திருத்துபவர். வாங்கத்தான் வேண்டுமா?
– வாசகர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். காந்தம் அசையும் வகைக் கார்ட்ரிட்ஜ் தருவது ஏறத்தாழ 3 முதல் 5 மில்லிவோல்ட் மட்டுமே. அதை ஃபோனோ அம்பிளிஃபயர் சுமார் 100 மடங்கு பெருக்குகிறது. இசைத்தட்டில் குறைத்துப் பதியப்பட்ட தாழ்ந்த ஒலிகளை ஈடுசெய்வதற்காக, நமது மின்சாரத்தின் அலைவெண்ணான 50 ஹேர்ட்ஸில் அதை மேலும் ஏழு மடங்களவு உயர்த்துகிறது. ஆகவே ஒரு வயர் சரியாகத் தொடாவிட்டாலே போதும், உறுமல் அறை முழுவதும் கேட்கும்.

முதலில் அம்பிளிஃபயரை நிறுத்திவிட்டு, அதன் பின்புறத்தில் செருகியுள்ள சிவப்பு, வெள்ளை பிளக்குகளை இடம் மாற்றிச் செருகுங்கள். உறுமல் வலப்பக்கத்துக்குத் தாவினால் குறை டேர்ன்டேபிளின் பக்கம். இடப்பக்கத்திலேயே தொடர்ந்தால் கார்ட்ரிட்ஜைத் தொடவே தேவையில்லை.

தாவினால், ஊசிக்கு மூடியைப் போட்டு, ஹெட்ஷெல்லை (ஆர்ம் எனும் ஊசிக் கையின் நுனியில் கார்ட்ரிட்ஜைத் தாங்கும் பகுதி) கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். கார்ட்ரிட்ஜின் பின்னே நான்கு சிறு பின்களில் கிளிப்பால் மாட்டிய நான்கு வயர்கள் இருக்கும்: வழக்கமாக வெள்ளை இடப்பக்கச் சமிக்ஞை, நீலம் அதன் ஏர்த், சிவப்பு வலப்பக்கச் சமிக்ஞை, பச்சை அதன் ஏர்த். நீலத்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம். உவர்மலையில் ஒரு வீட்டில் நான் பார்த்த கார்ட்ரிட்ஜில் அந்தக் கிளிப் மட்டும் களிம்பேறிய செப்புக்குடம்போலப் பச்சை பூத்திருந்தது. கடற்காற்று அதற்குள்ளும் புகுந்திருந்தது. உங்கள் ஊரின் பெயரிலேயே உப்பு இருக்கிறது! வயரைப் பிடித்து இழுக்காமல், கிளிப்பையே சாமணத்தால் மெல்லப் பிடித்துக் கழற்றி, பாமசியில் கிடைக்கும் ஐசோபுரோபைல் அல்கஹோலைப் பஞ்சில் தொட்டு, பின்னையும் ஹெட்ஷெல்லின் பின்புறத் தொடுமுனைகளையும் துடைத்து, நன்றாகக் காய்ந்த பின்னர் மாட்டுங்கள்.

அதற்கும் அடங்காவிட்டால் மல்டிமீட்டரை எடுங்கள். ஹெட்ஷெல் கழன்றிருக்கும்போதே வெள்ளைக்கும் நீலத்துக்குமான பின்களின் இடையிலும், சிவப்புக்கும் பச்சைக்குமான பின்களின் இடையிலும் அளந்தால், இவ்வகைக் கார்ட்ரிட்ஜில் பெரும்பாலும் சில நூறு ஓமிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் ஓம் வரை காட்டும்; எண்ணைவிட, இரண்டும் ஏறக்குறைய ஒத்திருப்பதே முக்கியம். இடப்பக்கம் எதையுமே காட்டாவிட்டால் உள்ளே சுருள் அறுந்திருக்கிறது. அப்போது திருத்துபவர் சொன்னது சரி. சுருள் அசையும் வகைக் கார்ட்ரிட்ஜில் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம், மீட்டரின் மின்னோட்டமே அதற்குக் கேடு.

கேள்வி: என்னுடையதில் இரு பக்கமும் உறுமல், ஆர்மை நடுவை நோக்கி நகர்த்தினால் கூடுகிறது. ஏர்த்தைக் கழற்றிப் பார்க்கலாமா?
– வாசகி, நிலாவெளி

பதில்: நகரும்போது கூடுவதால், மோட்டாரின் அல்லது டிரான்ஸ்ஃபோமரின் காந்தப்புலத்தைக் கார்ட்ரிட்ஜ் வாங்குகிறது, கவசமில்லாத கார்ட்ரிட்ஜ்களில் இது சகஜம். அம்பிளிஃபயரை டேர்ன்டேபிளிலிருந்து சற்றுத் தள்ளி வைத்துப் பாருங்கள். டேர்ன்டேபிளிலிருந்து வரும் மெல்லிய ஏர்த் வயரைச் சோதனைக்காகக் கழற்றலாம். சுவர் பிளக்கின் ஏர்த்தை ஒருபோதும் துண்டிக்காதீர்கள், 230 வோல்ட்டில் உயிருக்கு ஆபத்து.