இடது மார்புக்கு ரேடியேஷன்: 3டி போதுமா, விமேட் வேண்டுமா?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. இடது மார்பில் கட்டியை மட்டும் எடுத்திருக்கிறார்கள், அக்குளில் நெறிக்கட்டிக்குப் பரவவில்லை. கரண்ட் வைக்க ஒரு மருத்துவமனையில் 3டி போதும் என்கிறார்கள். இன்னொரு இடத்தில் விமேட்தான் நவீனம் என்று சொல்லி இரண்டு மடங்கு கேட்கிறார்கள். நகையை அடகு வைத்தாவது அதையே செய்துவிடலாமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: வேண்டாம், நகை இருக்கட்டும். 3டி முறையில் மார்பை ஒட்டினாற்போல இரண்டு பக்கத்திலிருந்து சாய்வாகக் கதிர் போகும், அதனால் நுரையீரலின் ஒரு விளிம்பிலும் இதயத்தின் ஓரத்திலும்தான் படும். விமேட்டில் இயந்திரம் உடம்பைச் சுற்றி வந்துகொண்டே கதிர் பாய்ச்சும். மார்பு முழுக்க அளவு சீராக விழும், சரிதான், ஆனால் வலது மார்பு, வலது நுரையீரல் என்று தேவையில்லாத இடங்களுக்கும் கொஞ்சம் கொஞ்சம் சிதறிப் போகும். நெஞ்செலும்பை ஒட்டிய நெறிக்கட்டிகளுக்கும் சேர்த்துக் கதிர் தர வேண்டியிருந்தாலோ, நெஞ்சின் அமைப்பு 3டிக்கு ஒத்துவராமல் போனாலோ அந்தச் சிதறலைப் பொறுத்துக்கொள்ளலாம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அம்மாவுக்கு அது தேவைப்படும் என்று தோன்றவில்லை.

இடது பக்கம் என்பதால் எனக்குக் கவலை இதயத்தைப் பற்றித்தான். சுவீடன், டென்மார்க் பெண்களிடம் நடத்தி 2013-ல் வெளியான ஆய்வில், இதயத்தில் படும் சராசரி அளவு ஒவ்வொரு கிரே (கதிரின் அளவைச் சொல்லும் அலகு) கூடும்போதும் மாரடைப்பு போன்ற பெரிய பாதிப்புகள் 7.4 சதவீதம் அதிகரித்தது தெரிந்தது (ஏற்கெனவே உள்ள ஆபத்தில்தான் இந்த 7.4 சதவீதம், நூறு பேரில் ஏழு பேருக்கு என்று அர்த்தமில்லை). அதனால் இரண்டு இடத்திலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "அம்மாவோட பிளானில் இதயத்துக்குச் சராசரியா எத்தனை கிரே போகுது?" ஸ்கேன் எடுத்து பிளான் போட்ட பிறகு அந்த எண் அவர்கள் கணினியிலேயே இருக்கும், தயங்காமல் கேட்கலாம்.

அப்புறம், மூச்சை ஆழமாக இழுத்து நிறுத்திவைத்துக் கதிர் தரும் வசதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். நுரையீரல் விரியும்போது இதயம் நெஞ்சுச் சுவரிலிருந்து விலகிவிடும், சாதாரண 3டியிலேயே இதைச் செய்யலாம். சுமார் 20 விநாடி மூச்சை நிறுத்த முடிந்தால் பெரும்பாலும் போதும், அம்மா இன்றைக்கே வீட்டில் பழக ஆரம்பிக்கலாம்.

எத்தனை நாள் என்பதும் முக்கியம். முன்பு 25 சிட்டிங்கில் 50 கிரே கொடுத்தார்கள், பிறகு 15 சிட்டிங்கில் 40 கிரே வழக்கமானது. பிரிட்டனில் நடந்து 2020-ல் வெளியான ஃபாஸ்ட் ஃபார்வர்டு ஆய்வு, ஒரே வாரத்தில் 5 சிட்டிங்காக 26 கிரே கொடுத்தாலும் ஐந்து ஆண்டுகளில் நோய் திரும்புவது அதிகமாகவில்லை என்று காட்டியது. அம்மாவுக்கு அது பொருந்துமா, கட்டி இருந்த இடத்துக்குக் கூடுதலாக பூஸ்ட் வேண்டியிருக்குமா என்று கேட்டுவிட்டு மருத்துவமனையை முடிவு செய்யுங்கள்.