‘விலைக்கு இன்பாக்ஸ் வாங்க’: சிறு வணிகர்களின் ஐந்து கேள்விகள்

மதுரையில் சுங்குடிச் சேலை விற்கிறோம். இன்ஸ்டாகிராமில் 4,000 பேர் இருக்கிறார்கள். லைக் விழுகிறது, ஆர்டர் விழவில்லை. விலை கேட்பவர்களை இன்பாக்ஸுக்கு வரச் சொல்கிறோம், பாதிப் பேர் வருவதில்லை.

கடைக்கு வந்து சேலையைத் தொட்டு விலை கேட்பவரிடம் ‘பின்கட்டுக்கு வாங்க, சொல்றேன்’ என்றால் அவர் வருவாரா? விலையைப் படத்திலேயே போட்டுவிடுங்கள். பக்கத்துக் கடைக்காரர் பார்த்துவிடுவார் என்று பயப்பட வேண்டாம். அவருக்குத் தெரிய வேண்டுமென்றால் மச்சினன் போனிலிருந்து கேட்டுக்கொள்வார்.

விலையோடு இன்னும் மூன்று விவரம் வேண்டும்: கூரியர் செலவு சேர்த்தா தனியா, சேலை எத்தனை மீட்டர், ரவிக்கைத் துணி உண்டா. ‘5.5 மீட்டர், ரவிக்கை இல்லை’ என்று முன்பே எழுதாததால்தான் பார்சல் போய்ச் சேர்ந்த பிறகு சண்டை வருகிறது.

அடுத்ததாக ஒரு நோட்டுப் போடுங்கள். இரண்டு வாரம் வரும் ஒவ்வொரு கேள்வியையும் எழுதி, அதே கேள்வி மறுபடி வந்தால் பக்கத்தில் ஒரு கோடு. சுங்குடியில் பெரும்பாலும் மூன்றுதான் தேறும்: சாயம் போகுமா, கைமுடிச்சா (கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்ததா) அச்சா, படத்தில் இருக்கிற நிறமே வருமா. மூன்றுக்கும் மூன்று வீடியோ எடுங்கள். கைமுடிச்சுக்கு, சாயம் தோய்த்துக் காய்ந்த துணியை இழுக்கும்போது முடிச்சுகள் படபடவென்று அவிழும் 20 விநாடி போதும். புள்ளிகள் ஒன்றுபோல் ஒன்று இல்லாததை அருகில் காட்டுங்கள். அச்சுச் சேலையும் விற்கிறீர்கள் என்றால் அதையும் பக்கத்தில் விரித்து, அச்சு என்றே சொல்லிவிடுங்கள். மறைத்து விற்றால், தெரிந்த ஒருவர் கமெண்டில் வந்து போட்டு உடைப்பார். நிறத்துக்கு, டியூப்லைட்டை அணைத்துவிட்டுப் பகல் வெளிச்சத்தில், வெயில் நேராக விழாத நிழலில் படமெடுங்கள். மூன்று பதில்களையும் கமெண்டில் எழுதி, எப்போதும் மேலேயே நிற்கும்படி ‘பின்’ (pin) செய்யுங்கள்; ஒரு பதிவுக்கு மூன்று கமெண்ட் வரை பின் செய்யலாம்.

எங்கள் மெஸ்ஸுக்கு கூகுள் மேப்ஸில் ஒருவர் ஒரு ஸ்டார் போட்டு ‘சாம்பார் கெட்டுப்போனது’ என்று எழுதியிருக்கிறார். அவர் எங்களிடம் சாப்பிட்டதாகவே தெரியவில்லை. நீக்க முடியுமா?

கூகுள் சாம்பாரை ருசிபார்க்காது. யார் சொல்வது உண்மை என்று விசாரிப்பதும் அதன் வேலையில்லை. தன் விதிமுறைக்கு மாறாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். வசவு, விளம்பரம், போட்டிக் கடைக்காரர் எழுதியது, கடைக்குத் தொடர்பே இல்லாதது என்றால் சரியான காரணத்தைத் தேர்ந்து புகார் செய்யுங்கள். மறுத்துவிட்டால் ஒருமுறை மேல்முறையீடு செய்யலாம். வெறும் ‘பிடிக்கவில்லை’ என்றால் அது அப்படியேதான் இருக்கும்.

அதனால் பதில்தான் முக்கியம். அதைப் படிக்கப்போவது, இன்று மதியம் எங்கே சாப்பிடலாம் என்று தேடும் ஆள். இப்படி எழுதலாம்: ‘வணக்கம். சாம்பார் காலையில் ஒரு தடவை, 12 மணிக்கு ஒரு தடவை புதிதாக வைக்கிறோம். நீங்கள் வந்த நாளும் நேரமும் சொன்னால் அன்று என்ன நடந்தது என்று பார்க்கிறோம்.’ உண்மையிலேயே இரண்டு தடவை வைத்தால் மட்டும் இதை எழுதுங்கள். ‘நீ வரவே இல்லை, பொய்’ என்று ஆரம்பித்தால், படிப்பவருக்கு உங்கள் கோபம்தான் ஞாபகம் இருக்கும்.

‘ரிவ்யூ போட்டால் வடை இலவசம்’ என்று போர்டு வைப்பதும், வேலையாட்களை எழுதச் சொல்வதும் கூகுள் விதிக்கு எதிரானவை. பில் கொடுக்கும்போது எல்லோரிடமும் கேளுங்கள். திருப்தியாகச் சிரித்தபடி போகிறவரை மட்டும் பொறுக்கிக் கேட்பதும் கூடாது.

செக்கு எண்ணெய்க் கடை. வாட்ஸ்அப் பிராட்காஸ்டில் (ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வசதி) தினமும் அனுப்புகிறேன். பலருக்கு ஒற்றை டிக்கோடு நிற்கிறது.

உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்தவருக்கு மட்டும்தான் பிராட்காஸ்ட் போய்ச் சேரும். ஒரு பட்டியலில் 256 பேர் வரை. சேமித்தவருக்கும் போகவில்லை என்றால் போன் அணைந்திருக்கலாம், அல்லது அவர் உங்களைப் பிளாக் செய்திருக்கலாம். தினமும் ‘காலை வணக்கம்’ அனுப்பினால் இரண்டாவதுதான் நடக்கும். பிளாக்கும் புகாரும் கூடினால் எண்ணே முடங்கும்.

வாங்கிய தேதியைக் குறித்து வையுங்கள். மாதம் இரண்டு லிட்டர் நல்லெண்ணெய் வாங்கும் வீட்டுக்கு 25ஆம் நாள், பெயர் சொல்லி, ‘எண்ணெய் தீர்ந்திருக்குமே, எடுத்து வைக்கட்டுமா?’ என்று ஒரு வரி அனுப்புங்கள். இதற்கு வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் லேபிள் இருக்கிறது: ‘மாதம் முதல் வாரம்’, ‘மாதக் கடைசி’ என்று பிரித்துக்கொள்ளலாம்.

மார்கழியில் ‘தேங்காய் எண்ணெய் உறைந்துவிட்டது, கலப்படமா?’ என்று கட்டாயம் கேட்பார்கள். ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே போனால் நல்ல தேங்காய் எண்ணெயும் உறையும். பாட்டிலை வெந்நீரில் வைத்தால் இளகும். உறைவதை வைத்துச் சுத்தம் என்றோ கலப்படம் என்றோ தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். அதே செயலியில் இந்தப் பதிலை ‘விரைவுப் பதில்’ (quick reply) ஆகச் சேமித்துவிட்டால், ‘/’ தட்டியதும் வந்து நிற்கும். இதையே குளிர் தொடங்கும் முன் ஸ்டேட்டஸில் போட்டால் பாதி அழைப்பு குறையும்.

‘மூன்று நண்பர்களை டேக் செய்தால் பரிசு’ போட்டி நடத்தலாமா?

வேண்டாம். பேஸ்புக் 2017 டிசம்பரிலேயே, டேக், ஷேர், லைக் கேட்டுத் தூண்டில் போடும் பதிவுகளைக் கீழே தள்ளப்போவதாக அறிவித்தது. அப்படிச் சேரும் கூட்டம் பரிசுக்கு வந்தது, முடிவு அறிவித்த அன்றே கலையும். அதற்குப் பதில், ஏற்கெனவே வாங்கியவர்களிடம் ‘பொங்கலுக்கு அரக்குச் சேலையா, மயில்பச்சையா?’ என்று கேளுங்கள். அதிகம் பேர் சொன்னதைச் செய்து, ‘நீங்கள் கேட்டது’ என்று காட்டுங்கள். கேட்டுவிட்டுச் செய்யாமல் விடுவது கேட்காமல் இருப்பதைவிட மோசம்.

எல்லாக் கமெண்டுக்கும் பதில் போட வேண்டுமா? தங்கிலீஷில் கேட்பவருக்கு எப்படி?

‘சூப்பர்’ என்பதற்கு ஒரு லைக் போதும். கேள்விக்குறி இருக்கும் எதையும் விடாதீர்கள். புகாரென்றால் முதல் வரி கமெண்டிலேயே இருக்கட்டும். முகவரி, போன் எண் மட்டும் தனிச் செய்தியில் வாங்குங்கள். அவர் எந்த எழுத்தில் கேட்டாரோ அதே எழுத்தில் பதில் சொல்லுங்கள். காலை 10 மணிக்கும் இரவு 8 மணிக்கும் அரை மணி நேரம் ஒதுக்கினால் சிறிய கடைக்குச் சமாளிக்கலாம். கடையில் இரண்டு பேர் பதில் போடுகிறீர்கள் என்றால் விலைப்பட்டியலை ஒரே தாளில் வையுங்கள். ஒருவர் 850 என்றும் மற்றவர் 900 என்றும் சொல்லிவிட்டால் அந்த ஸ்கிரீன்ஷாட் உங்களுக்கே திரும்பி வரும்.